செங்கல்லுக்கு அடியில் ஒரு கிளை

ஒரு கையில் காப்பிக் கோப்பை, நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. வீட்டுச் செருப்போடு ஈரப்புல்லில் இறங்கி, முதல் செடியிலிருந்து ஆறாவது செடி வரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போகிறாள் வான்சீல் டிட்மோர். ஒவ்வொரு செடியிலும் இடுப்பு உயரத்தில் ஒரு பழைய நைலான் காலுறை தொங்குகிறது. அதற்குள் வாசனைச் சோப்பு. அந்த நெடிக்கு மான் வராது. காலுறையின் முடிச்சு நேற்றுப் போட்டபடியே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறாள். மான் முடிச்சை அவிழ்க்காது என்பது அவளுக்கும் தெரியும். முடிச்சுப் பரிசோதனை மனிதர்களுக்காக.

வயது அறுபத்தொன்று. கார்களுக்கு நம்பர் பிளேட் கொடுக்கும் கவுண்டி, அதாவது மாவட்ட அலுவலகத்தில் இரண்டாவது ஜன்னல் அவளுடையது. முப்பத்தோரு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அலபாமாவில் பிளேட்டின் முதல் எண்ணைப் பார்த்தாலே கார் எந்தக் கவுண்டிக்காரனுடையது என்று தெரிந்துவிடும். அறுபத்தேழு கவுண்டியும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தெருவில் புது எண் ஒன்று ஊர்ந்து போனால் போதும், மூக்கில் வேர்த்துவிடும். "பன்னெண்டாம் நம்பர்க்காரனுக்கு நம்ம தெருவுல என்ன வேலை?" என்று கேட்டபடியே மின்சாரக் கட்டண உறையின் முதுகில் எண்ணைக் குறித்துக்கொள்வாள். அப்படிக் குறித்த உறைகள் ஒரு ஷூப்பெட்டி நிறைய இருக்கின்றன. இதுவரை அவற்றால் ஒரு திருடனும் பிடிபடவில்லை.

அவள் நம்பாதவற்றைச் சொல்லி முடியாது. தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவனை நம்பமாட்டாள். பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் கொண்டுவரும் உருளைக்கிழங்கு சாலடைத் தொடமாட்டாள், அவள் மெத்தடிஸ்ட் சபை. விதையில்லாத தர்பூசணி என்றால் கோபமே வந்துவிடும். "விதையே இல்லாம இது எப்படி மொளச்சுது? எதையோ மறைக்கிறானுங்க ட்வாலா, நீ வேணா பாரு," என்று மூன்றாவது ஜன்னலில் இருக்கும் ட்வாலாவிடம் ஒவ்வொரு கோடையிலும் சொல்வாள். ட்வாலா அந்தத் தர்பூசணியைத் தின்றபடியே தலையாட்டுவாள்.

ஆனால் அந்த ஆறு செடிகள் விஷயத்தில் அவளுடைய சந்தேகத்தைச் சும்மா சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஓக் இலை ஹைட்ரேஞ்சியா. இலை விரித்த உள்ளங்கை அகலத்துக்கு ஓக் மர இலை மாதிரியே வெட்டுப்பட்டு இருக்கும். மே கடைசியில் முழங்கை நீளத்துக்கு வெள்ளைக் கூம்புகளாகப் பூக்கும். ஆகஸ்டில் அவை ரோஜா நிறத்துக்கு மாறும், பிறகு பழுப்பாகிக் காகிதம் போலக் கிளையிலேயே நிற்கும். அடுத்த ஆண்டுப் பூவுக்கான மொட்டை இந்தக் கோடை முடிவதற்குள்ளேயே பழைய கிளையில் கட்டி வைத்துவிடும் செடி அது. ஜூலைக்குப் பிறகு கத்தரி பட்டால் அடுத்த வருடம் வெறும் இலைதான். அந்த ஊர்க்காரர்களுக்கோ பிப்ரவரி வந்தால் கை ஊறும்; கிரேப் மர்ட்டில் மரங்களை எல்லாம் மொட்டையடித்துவிட்டு, அதே வேகத்தில் பக்கத்தில் நிற்கும் ஹைட்ரேஞ்சியாவையும் ஒரு கை பார்த்துவிடுவார்கள். அதனால் பிப்ரவரி மாதம் முழுக்க, கையில் கத்தரியோடு வேலிப்பக்கம் வரும் எவரையும் வான்சீல் நிற்கவிடமாட்டாள்.

ஆறிலும் உயிர் அந்த ஆறாவதுதான். மற்ற ஐந்தும் அதன் குட்டிகள். அதன் பூ அடுக்குப்பூ. பாரம் தாங்காமல் கூம்பு தலைகவிழ்ந்து தொங்கும். தெருவில் போகிறவர்கள் காரை நிறுத்திப் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் செடி கேட்டால் இல்லையென்று சொல்வது மரியாதை இல்லை. பாதி ஊரின் தோட்டம் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததுதான். வான்சீலும் லில்லிக் கிழங்கு கேட்டால் தருவாள், ஐரிஸ் கேட்டால் தருவாள், கேட்காமலே புதினாவைத் தலையில் கட்டுவாள். ஆறாவது செடி என்று வாயெடுத்தால் மட்டும், "அது நோஞ்சான் செடி, வேணாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எட்டடி உயரத்தில் நிற்கும் நோஞ்சான்!

காரணம் ஊருக்குத் தெரியாது, ட்வாலாவுக்கு மட்டும் தெரியும். அது வான்சீலின் அம்மா வீட்டுச் செடி. அம்மா போனபின் வீட்டை விற்க ஏற்பாடானது. வான்சீலும் தங்கை நீவா ஜோவும் ஒரு சனிக்கிழமை அங்கே சந்தித்து எல்லாவற்றையும் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு. செடியை நடுவில் மண்வெட்டி போட்டு ஆளுக்குப் பாதி. வியாழக்கிழமை இரவெல்லாம் யோசித்து, அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்று அஞ்சி, வெள்ளிக்கிழமை விடிந்ததும் வான்சீல் ஒரு பிக்கப் வண்டியை இரவல் வாங்கிப் போய்ச் செடியை முழுசாகத் தோண்டிக் கொண்டுவந்துவிட்டாள். "அவ வெள்ளிக்கெழம சாயங்காலமே வந்து நிப்பா. எனக்குத் தெரியாதா அவளை?" என்பது அவள் வாதம். நீவா ஜோ வெள்ளிக்கிழமை வரவில்லை. சொன்னபடி சனிக்கிழமை காலை வந்தாள். ஈரச்சாக்கு சுற்றிய இரண்டு வாளிகள் கொண்டுவந்திருந்தாள், அக்காவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. இதை அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மாள் தொலைபேசியில் சொல்லித்தான் வான்சீலுக்குத் தெரிந்தது.

அதோடு பேச்சு நின்றது. பதினோரு வருடம். வான்சீலின் கணவன் இறந்தபோது நீவா ஜோ சர்ச்சின் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனாள். அன்று வந்து குவிந்த சாப்பாட்டுப் பாத்திரங்களில் எல்லாம் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது, திருப்பிக் கொடுக்க வசதியாக. ஒரு கோழிக்கறி கேசரோல் பாத்திரத்தில் மட்டும் பெயர் இல்லை. அது யாருடையது என்று தெரியாத மாதிரியே வான்சீல் இன்றுவரை நடந்துகொள்கிறாள்.

இந்த ஏப்ரலில்தான் செங்கல்லைப் பார்த்தாள். ஆறாவது செடி நிற்கும் மூலையில் இடுப்பளவுக் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பாப்டிஸ்ட் சர்ச்சின் கார் நிறுத்துமிடம். செடியின் அடிக்கிளை ஒன்றை யாரோ வேலிக்கு அடியில் அந்தப் பக்கம் இழுத்து, வளைத்து, மண்ணில் பதித்து, மேலே ஒரு செங்கல்லை வைத்து, பைன் சருகு போட்டு மூடியிருந்தார்கள். கிளையின் நுனி மட்டும் வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது. பதியம்! ஒரு கோடை போனால் வேர்விடும். வேர் விட்டதும் அறுத்துக்கொண்டு போய்விடலாம். வான்சீலுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஆனாலும் கல்லை எடுத்து எறியவில்லை. எறிந்தால் திருடன் உஷாராகிவிடுவான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

கல்லின் மேல் தன் தலைமுடி ஒன்றை வைத்தாள். காற்று கொண்டுபோயிற்று. கறுப்பு நூல் கட்டினாள். நூல் அறுந்தது; யார் அறுத்தது என்று நூல் சொல்லவில்லை. காலடித் தடம் விழட்டும் என்று பிஸ்கட் மாவைத் தூவினாள். காலையில் பார்த்தால், பூனையளவு பெருச்சாளி மாதிரி இருக்கும் பொசம் ஒன்று மாவை நக்கிவிட்டு, நன்றியாகப் புழுக்கை போட்டுவிட்டுப் போயிருந்தது.

கடைசியில் சந்தேகம் ஹாய்ட் லெட்லோவின் மேல் போய் நின்றது. மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாப்டிஸ்ட் சர்ச்சில் டீக்கன் என்ற பொறுப்பில் இருப்பவர், எதிர்வீடு. நிறுத்துமிடத்தின் புல்லை வெட்டுவது அவர்தான். போதாக்குறைக்கு ஜூன் மாதம் ஒரு கூடை தக்காளியோடு வாசலில் வந்து நின்றார்.

"எதுக்குங்க இவ்வளவு தக்காளி?" என்றாள் வான்சீல், கதவைப் பாதி திறந்து.

"காய்ச்சுத் தள்ளுது மிஸ் வான்சீல். ரொட்டில மயோனைஸ் தடவி வெச்சுச் சாப்பிடுங்க."

"போன வருஷமும்தான் காய்ச்சுது. அப்ப குடுக்கலையே?"

"போன வருஷம் நீங்க கதவே தெறக்கல."

"லெட்லோ, சுத்தி வளைக்காம கேக்குறேன். என் செடில கல்லு வெச்சது நீங்கதானே?"

ஹாய்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "எந்தக் கல்லு?"

"காதுல பூ சுத்தாதீங்க. வேலிப்பக்கம் புல்லு வெட்டுறவரு நீங்க. கல்லைச் சுத்தி மட்டும் வெட்டாம அழகா வட்டமா விட்டிருக்கீங்க. ஒரு டீக்கன் பண்ற வேலையா இது?"

மனிதர் கூடையைப் படியில் வைத்தார். "தக்காளி நல்லா இருக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு தெருவைக் கடந்து போனார். வான்சீல் தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில்கூடப் புழு இல்லை. அது அவளுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

ஆகஸ்டில் ஐந்து வாரம் மழை இல்லை. வேலியோரம் மண் பாளம் பாளமாக வெடித்தது. பெரிய செடிகளே இலையைத் தொங்கப்போட்டுவிட்டன. செங்கல்லைச் சுற்றி மட்டும் ஒரு சாண் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. திருடன் தண்ணீர் ஊற்றுகிறான்! வான்சீலுக்குப் பொறுமை போயிற்று. கொட்டகையிலிருந்து நீளப்பிடிக் கத்தரியை எடுத்துக்கொண்டு, சர்ச்சின் பக்கம் சுற்றிப் போய், மண்டியிட்டுக் கல்லைத் தூக்கினாள். கிளையை வெட்டி எறிவதாகத்தான் உத்தேசம்.

கிளையின் அடிப்பக்கத்தில் சாய்வாக ஒரு கீறல் இருந்தது. கீறல் மூடிக்கொள்ளாமல் இருக்க அதில் ஒரு தீக்குச்சி செருகியிருந்தது, சிவப்புத் தலை வெளியே தெரியும்படி. குச்சியைச் சுற்றி நூல்நூலாக வெள்ளை வேர்.

பதியம் போடுகிறவர்கள் கூழாங்கல் செருகுவார்கள், மரச்சீவல் செருகுவார்கள். தீக்குச்சி செருகி அதன் தலையை வெளியே விடுவது அவள் அம்மா செய்யும் வேலை. வேர் பிடித்ததா என்று தேடும்போது கண்ணுக்குத் தெரியட்டும் என்பாள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருத்தி இங்கே கத்தரியோடு மண்டியிட்டிருக்கிறாள்.

அவள் எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள் என்று தெரியவில்லை. வெயில் முதுகைச் சுட்டது. வெட்டிவிட்டால் இனி ஒரு காலத்திலும் தங்கை இந்தத் தெருவுக்கு வரமாட்டாள், அது நிச்சயம். வெட்டாமல் விட்டால் பதினோரு வருடம் சொல்லிவந்ததெல்லாம் பொய் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. திருட வந்தாளே, கேட்டால் என்ன, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கோபம் வந்தது. கேட்டிருந்தால் கதவைத் திறந்திருப்போமா என்று நினைத்ததும் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. மண்ணை முன்பு இருந்தபடியே தள்ளி மூடி, செங்கல்லை அது இருந்த தடத்திலேயே வைத்து, சருகையும் போட்டாள். எழுந்திருக்கும்போது முட்டி வலித்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் ஜன்னலில் ட்வாலா கேட்டாள். "என்னாச்சு, திருடன் ஆப்டானா?"

"இல்ல."

"நான் சொன்னேன்ல, அந்த டீக்கனா இருக்காதுன்னு."

"உன் வேலையைப் பாருடி," என்றாள் வான்சீல். மதியம் வரை அவள் ஒரு கார்க்காரரிடமும் எரிந்து விழவில்லை. ட்வாலா அவளுக்குக் காய்ச்சலோ என்று பயந்துபோனாள்.

அந்த வாரமே ஒரு பவுண்ட் கேக் செய்து தெருவைக் கடந்து போய் ஹாய்ட்டின் கதவைத் தட்டினாள். அவர் கேக்கையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"இதுல என்ன போட்டிருக்கீங்க?"

"முட்டையும் வெண்ணெயும். வேற என்ன போடுவாங்க?"

"இல்ல, நீங்க கொண்டுவந்திருக்கீங்களேன்னு கேட்டேன்."

"சரி, நான் சொன்னது தப்பு. போதுமா? கல்லு நீங்க வெக்கல."

"வெக்கலதான்," என்றார் ஹாய்ட். "ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு நான் எங்க சர்ச் வாசல்ல நிப்பேன். நீங்க உங்க சர்ச்சுல இருக்கிற நேரமாப் பாத்து, ஒரு அம்மா சாம்பல் கலர் கார்ல வருவாங்க. பால் கேன்ல தண்ணி. அறுபத்துநாலாம் நம்பர்."

அறுபத்துநாலு, வாக்கர் கவுண்டி. நீவா ஜோ வாழ்க்கைப்பட்ட ஊர்.

"இத்தனை நாளா தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னைத் திருடன்னு சொன்னீங்க. திருடன் சாட்சி சொன்னா எடுபடுமா?" என்றார் ஹாய்ட், கேக்கை வாங்கிக்கொண்டு. "அப்புறம், அந்த அம்மா கல்லைத் தொடுறதுக்கு முன்னாடி உங்க வீட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. திருட வர்றவங்க அப்படிப் பாக்க மாட்டாங்க. நான் எதுக்கு நடுவுல வரணும்னு விட்டுட்டேன்."

செப்டம்பர் போயிற்று, அக்டோபரும் போயிற்று. ஞாயிறு தவறாமல் வான்சீல் மெத்தடிஸ்ட் சர்ச்சுக்குப் போனாள். பதினோரு மணியானால் பிரசங்கம் காதில் ஏறாது. வீட்டுக்கு வந்ததும் வேலிப்பக்கம் போய் மண்ணைத் தொட்டுப் பார்ப்பாள், ஈரமாக இருக்கும். பிரித்தெடுக்க ஏற்ற காலம் நவம்பர். அதை அம்மாவிடம் தான் கற்றது போலவே தங்கையும் கற்றிருப்பாள். நவம்பரில் ஒரு நாள் வருவாள், அறுத்துக்கொண்டு போவாள், அதன்பின் ஞாயிற்றுக்கிழமை வர அவளுக்கு வேலையே இருக்காது. இந்த நினைப்பு வந்தபின் வான்சீலுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு, தொண்டை கட்டிவிட்டது என்று பாஸ்டரிடம் பொய் சொன்னாள். ஒரு பெயின்ட் வாளியை ஆறாவது செடிக்குப் பின்னால் கவிழ்த்துப்போட்டு, கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இலைகள் எல்லாம் கருஞ்சிவப்பாகி இன்னும் உதிராமல் நின்றன, ஆளை மறைக்க அவை போதும். சர்ச்சுக்குள் பாட்டு தொடங்கியது. சாம்பல் நிறக் கார் வந்து நின்றது.

நீவா ஜோ இறங்கினாள். வலதுகாலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். அது வான்சீலுக்குத் தெரியாத செய்தி. முடி முழுக்க நரைத்திருந்தது. ஜன்னலைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு மெல்ல மண்டியிட்டுக் கல்லை நகர்த்தி, கைப்பையிலிருந்து ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்து, வேர்க்கட்டியை ஒட்டி அறுக்கத் தொடங்கினாள்.

பதினோரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசனம் ஒன்றும் வான்சீலின் வாயில் வரவில்லை. "அங்க வெட்டாதடி! வேரோட சேத்து அறுத்துத் தொலைக்கப் போற!" என்றாள்.

"ஐயோ அம்மா!" நீவா ஜோ கத்தியைப் போட்டுவிட்டாள். இலைகளுக்கு நடுவில் அக்காவின் முகம் தெரிந்தது. "எவ்வளவு நேரமா அங்க உக்காந்திருக்க?"

"ஏப்ரல்லேருந்து."

நீவா ஜோ மண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "ஷெரிஃபைக் கூப்பிடப் போறியா?"

"அவரு உள்ள பாடிக்கிட்டு இருக்காரு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியாக்கா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

சர்ச்சில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. வான்சீல் வாளியிலிருந்து எழுந்து வேலியண்டை வந்தாள். "நீ வெள்ளிக்கெழமையே வந்துடுவேன்னு நெனச்சேன்டி," என்றாள்.

"நான் சனிக்கெழமைதான் வந்தேன்."

"தெரியும். ரெண்டு வாளியோட வந்த. எல்லாம் தெரியும் எனக்கு. தெரிஞ்ச அன்னைக்கே போன் பண்ணியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. அப்புறம் வருஷம் ஓடிப்போச்சு."

நீவா ஜோ புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வான்சீல் மண்டியிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம், தாய்ச்செடியை ஒட்டிய இடத்தில் கத்தரியை வைத்து ஒரே நறுக்கில் கிளையை வெட்டினாள். வேலிக்கு அடியில் கைவிட்டு, வேர்க்கட்டி உடையாமல் மண்ணோடு பெயர்த்துத் தங்கை பக்கம் தள்ளினாள்.

"காலை வெயில் படணும், மதியம் நிழல் வேணும். தண்ணி தேங்குற எடத்துல வெக்காத. பிப்ரவரில உன் வீட்டுக்காரன் கத்தரியோட கெளம்பினா கையை ஒடை."

நீவா ஜோ அந்தக் கட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். தீக்குச்சியின் சிவப்புத் தலை வேருக்கு நடுவில் தெரிந்தது. அதையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது.

அந்தப் பக்கத்து ஊர்களில் யாரும் செடிக்கு நன்றி சொல்வதில்லை. செடியை வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டால் அது பிழைக்காது. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அழுகையில் நீவா ஜோவுக்கு அதுவும் மறந்துபோயிற்று.

"அக்கா..." என்றாள். "தேங்..."

வான்சீல் வேலிக்கு மேலாக எட்டி, மண் அப்பிய உள்ளங்கையால் தங்கையின் வாயை இறுகப் பொத்தினாள்.